வாஷிங் மெஷினிடம் அக்கா சொன்னது

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். இருபத்தைந்து நிமிட நாடகம். எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் இருநூறு பேர் பார்த்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள், எழுந்து நின்று கை தட்டினார்கள். அதற்காக இன்றுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன். நாடகம் மட்டும் மோசமாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எட்டு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. பகலில் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் வேலை. மீதி நேரத்தில் எழுத்தாளன். (யார் சொன்னது என்று கேட்காதீர்கள். நான்தான் சொன்னேன்.) ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் என் சிறுகதைகள் இரண்டு வந்திருந்தன. ஒன்றில் என் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். இன்னொன்றில் பெயர் சரி, படம் வேறு யாருடையதோ. பெரிய மீசை வைத்த ஒரு வயதானவர். இரண்டையும் வெட்டி, லேமினேட் செய்து, வரவேற்பறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தது என் அக்கா பிலோமினா.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்குப் பதினைந்து வயது, அக்காவுக்கு இருபத்துநான்கு. அதற்குப் பிறகு ஜெலுத்தோங் ஃபிளாட்டின் பதினோராவது மாடியில் நாங்கள் இரண்டே பேர். அக்கா ஒரு கிளினிக்கில் கவுண்டரில் வேலை பார்த்தாள். என்னைப் படிக்க வைத்தாள். அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளை என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை. நான் சொல்லும் அந்த வருடம் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். பிறந்தநாளுக்கு கேக் வாங்கி வருவது நான்தான். ஆனால் நாற்பத்திரண்டு என்றால் என்ன என்று யோசித்தது கிடையாது.

அக்காவிடம் ஒரு திறமை இருந்தது. கிளினிக்குக்கு வருகிறவர்களை அச்சு அசலாக நடித்துக் காட்டுவாள். ஊசி என்றதும் தமிழை மறந்துவிடும் ஆசாமி, டாக்டருக்கே மருந்து எழுதிக் கொடுக்கும் ஆன்ட்டி, எல்லாரும் சாயங்காலத்தில் எங்கள் சமையலறைக்கு வந்துபோவார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் தரப்பில் சொல்வதற்கு இருக்கும் ஒரே நியாயம் இதுதான்.

பங்குத் திருவிழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, பூசை முடிந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த என்னை ஃபாதர் பிடித்தார்.

"டோனி, நீதானே நம்ம எழுத்தாளர். திருவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதிக் கொடு. சிரிப்பா இருக்கணும். போன வருஷம் போட்டதுல எல்லாரும் அழுதுட்டாங்க. பிரியாணி பாதிக்கு மேல மிஞ்சிப்போச்சு."

"அதுக்கென்ன ஃபாதர், ரெண்டு நாள்ல தர்றேன்" என்றேன்.

ரெண்டு நாள் மூன்று வாரம் ஆனது. ஒரு வரி வரவில்லை. 'காட்சி ஒன்று' என்று எழுதுவேன். அழகாக அடிக்கோடு போடுவேன். பிறகு அந்த அடிக்கோட்டை இன்னும் கொஞ்சம் தடிமனாக்குவேன். பேனா சரியில்லை என்று புதுப் பேனா வாங்கினேன். இடம் சரியில்லை என்று பட்டர்வொர்த் ஃபெரியில் ஏறி, கடலைப் பார்த்தபடி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்ப்போய் வந்தேன். மூன்றாவது சுற்றில் ஃபெரி ஊழியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். நான் குதித்துவிடுவேனோ என்று பயந்திருக்கிறார்.

இயற்கை கை கொடுக்கும் என்று ஒரு சனிக்கிழமை தோட்டங்கள் நிறைந்த பாலிக் புலாவுக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்து ஓரமாக, மரநிழலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். கொசு கடித்தது. மழை பிடித்தது. டயர் பஞ்சரானது. நான்கு பாக்கெட் ஜாதிக்காய் ஊறுகாயும் காய்ச்சலுமாக வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த மூன்று வாரமும் அக்கா வீட்டில் பூனை மாதிரி நடந்தாள். டிவி சத்தத்தைக் குறைத்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம், "மெதுவாப் பேசுங்க ஆன்ட்டி, தம்பி எழுதறான்" என்று கிசுகிசுத்தாள். (தம்பி உள்ளே அடிக்கோட்டைத் தடிமனாக்கிக்கொண்டிருந்தான்.) இரண்டு தடவை கோப்பியை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"டோனி, ஒன்னு சொல்லணும்."

நான் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே இடது கையைத் தூக்கினேன். ஒரு பெரிய மேதை கூட்டத்தை அமைதிப்படுத்துகிற மாதிரி. "அக்கா, இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்கு. கலைச்சிடாத லா."

ஒன்றும் ஓடவில்லை. தலைக்கு மேலே காற்றாடிதான் ஓடிக்கொண்டிருந்தது. "சரி, அப்புறம் சொல்றேன்" என்று அக்கா போய்விட்டாள். இரண்டாவது தடவையும் அதே கை, அதே வசனம்.

நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கட்டிலில் படுத்து, ஃபாதரிடம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் அறை ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு அந்தப் பக்கம்தான் துணி துவைக்கிற இடம். எங்கள் வாஷிங் மெஷின் பழசு. பிழிய ஆரம்பித்தால் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து வாசல்வரை வரும். அதன் தடதட சத்தத்துக்கு நடுவே அக்காவின் குரல் கேட்டது.

"கோவப்படாம கேளு. அவரு நல்லவரு. எனக்கும் நாப்பத்திரண்டு ஆச்சு. இனிமே என்ன இருக்குன்னு நானும்தான் நெனச்சேன். ஆனா மழைன்னா பஸ்ஸ நிறுத்திட்டு, எறங்கி வந்து, எனக்குக் குடை புடிக்கறாரு. அதுக்கு நான் என்ன செய்யட்டும், சொல்லு."

எட்டிப் பார்த்தேன். அக்கா தனியாக நின்றாள். எதிரே மெஷின் மட்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை கண்டிப்பான குரல். "நான் ஒன்னும் பெர்மிஷன் கேக்கல. சொல்றேன், அவ்வளவுதான்." உடனே, "சே, இப்படிச் சொன்னா தப்பா நெனப்பான்" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு, மூன்றாவதாக இன்னும் மெதுவாக: "உனக்குப் புடிக்கலன்னா வேணாம். நெஜமாத்தான். ஆனா ஒரு தடவ அவர்கிட்ட பேசிப் பாரு."

மெஷின் குதித்தது. அக்கா அதன் தலையில் தட்டி, "இரு இரு, கேட்டுட்டு ஆடு" என்றாள். கையில் ஒரு துண்டு. அதை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள், உதறினாள். மூன்று தடவை.

ஒரு தம்பி இதைப் பார்த்தால் என்ன செய்திருக்க வேண்டும்? நான் நோட்டுப் புத்தகத்தைத் தேடினேன். கிளினிக்குக்கு வந்த யாரோ ஓர் அம்மாவை அக்கா நடித்துப் பார்க்கிறாள், சாயங்காலம் எனக்குக் காட்டுவதற்குப் பயிற்சி எடுக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். சந்தேகமே வரவில்லை. 'தப்பா நெனப்பான்' என்ற அந்த 'அவன்' யார் என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. 'துண்டு, மூன்று தடவை, அருமை' என்று குறித்துக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'அருமை' என்பதற்கு அடிக்கோடு வேறு.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் நாடகத்தை எழுதி முடித்தேன். லூர்து மேரி என்று ஒரு கல்யாணமாகாத நடுத்தர வயதுப் பெண். தன் காதலை வீட்டில் சொல்லப் பயந்து வாஷிங் மெஷினிடம் ஒத்திகை பார்க்கிறாள். மெஷின் தடதடவென்று பதில் சொல்கிறது. அக்காவின் வசனங்களை அப்படியே போட்டேன். வெறும் 'பஸ்' என்றிருந்ததை ஸ்கூல் பஸ் ஆக்கினேன். என் கற்பனை செய்த வேலை அவ்வளவுதான். இல்லை, இன்னொன்றும் செய்தது. கடைசிக் காட்சி முழுக்க என்னுடைய சொந்தச் சரக்கு. பஸ் டிரைவர் பெண் கேட்டு வருகிறார், லூர்து மேரியின் குடும்பம் 'இந்த வயசுல உனக்குக் கல்யாணமா?' என்று சிரிக்கிறது, டிரைவரைத் துடைப்பத்தால் விரட்டுகிறது.

"முடிச்சிட்டியா? என்ன கதை?" என்று அக்கா ஆசையாகக் கேட்டாள்.

"மண்டபத்துல வந்து பாரு. சர்ப்ரைஸ்."

அக்கா சிரித்தாள். "அப்ப திருவிழா முடிஞ்சதும் உன்கிட்ட ஒரு மணி நேரம் பேசணும். ஓடிறக் கூடாது." சரி என்று தலையாட்டினேன். ஏதோ வீட்டு விஷயம், தண்ணீர்க் குழாயோ என்னவோ என்று நினைத்தேன்.

திருவிழா அன்று பூசை முடிந்து பதினொரு மணிக்கு நாடகம். மண்டபம் நிரம்பி வழிந்தது. பின்பக்கம் பிரியாணி வாசனை. மைக்செட் பொறுப்பு ஞானம் அண்ணனுக்கு. எங்கள் கோயில் பங்குக்காரர்தான். மனைவி இறந்து ஆறு வருடம். ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர், எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழேகூட ஆள் ஏற்ற வருவார். அதிகம் பேசமாட்டார். பதினேழு வயதில் ஒரு மகள். அவள் முன்வரிசையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள்.

(இப்போது உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் மனித மனங்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.)

இளைஞர் அணித் தலைவர் வின்சன்ட் தொண்ணூறு கிலோ. அவரை ஒரு குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டிக்குள் இறக்கி, வெளியே வாஷிங் மெஷின் படம் வரைந்திருந்தோம். அவர் உள்ளிருந்து குலுங்கியபோதே மண்டபம் அதிர்ந்தது. லூர்து மேரியாக நடித்த ஆக்னஸ் டீச்சர், "இரு இரு, கேட்டுட்டு ஆடு" என்று அட்டையைத் தட்டியபோது கிழவர்கள்கூட நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் ஓரத் திரைக்குப் பின்னால் நின்று அக்காவைத் தேடினேன். அவள் சிரிப்பதைப் பார்க்க வேண்டும் எனக்கு. எந்த எழுத்தாளனுக்கும் அந்த ஒரு முகம் இருக்கும் இல்லையா.

இரண்டாவது வரிசையில் இருந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆக்னஸ் டீச்சர் துண்டை எடுத்தார். மடித்தார், உதறினார். மறுபடி மடித்தார். மண்டபமே சிரித்து உருண்டது. அக்கா எழுந்து, குனிந்து, யார் முழங்காலையும் இடிக்காமல், சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

பிரியாணி பரிமாற உதவப் போகிறாள் என்று நினைத்தேன்.

துடைப்பக் காட்சி தொடங்கும்போது ஸ்பீக்கர் கீச்சென்று கத்திவிட்டு அடங்கிப்போனது. மிச்ச நாடகத்தை எல்லாரும் கத்தியே நடித்தார்கள். வின்சன்ட் அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து டிரைவரைத் துரத்தினார். (அது நான் எழுதாதது. ஆனால் அதற்குத்தான் அதிகக் கைத்தட்டல்.) ஃபாதர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஜரிகைப் பொன்னாடை போர்த்தினார். நான் அதோடு கீழே இறங்கி, மைக் ஏன் போனது என்று கேட்க ஞானம் அண்ணன் மேசைக்குப் போனேன்.

அவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பதில் கெடச்சிருச்சு தம்பி. என்கிட்ட தனியாச் சொல்லியிருந்தாலே போதும். இதுக்கு இத்தனை பேரக் கூப்பிட்டிருக்க வேணாம்."

மைக்செட் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, "பரவால்ல அண்ணே, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றேன். ஆமாம், அதையும் சொன்னேன். இப்போதும் திடீரென்று ஞாபகம் வந்தால் மோட்டார் ஓட்டும்போதே 'ஐயோ' என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

சமையல்கட்டில் அக்கா இன்னும் யாரும் சாப்பிடாத தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"உன்கிட்டேர்ந்து சுட்டதுதான். அன்னிக்கு நீ நடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தியே, கிளினிக்குக்கு வந்த அந்தம்மா…"

"எந்தம்மா?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அதை மூடிவிட்டுத் திரும்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்டா பழகிக்கிட்டிருந்தேன். ஞானம் அவரே வந்து உன்கிட்ட பேசறேன்னாரு. வேணாம், தம்பி எழுதிக்கிட்டிருக்கான், முடிக்கட்டும், நானே சொல்றேன்னு நிறுத்தி வெச்சேன்."

நான் பொன்னாடையோடு நின்றேன். அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. யாரோ எட்டிப் பார்த்து, "நம்ம எழுத்தாளருக்கு ரெண்டு பீஸ் கூடுதலா வைங்க லா" என்று கத்திவிட்டுப் போனார்கள்.

மன்னிப்புக் கடிதம் எழுதி அவரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தேன். 'அன்புள்ள ஞானம் அண்ணனுக்கு' என்று எழுதி, மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் ஒரு வரி வரவில்லை. அடுத்தவர் வாயிலிருந்து வந்ததை இரண்டு மணி நேரத்தில் எழுதியவனுக்கு, தன் வாயிலிருந்து வரவேண்டிய ஒரே வார்த்தை வரவில்லை. நாலாவது நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மத்தியான ஷிஃப்டுக்கு ஆள் ஏற்ற எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ் முழுக்க யூனிஃபார்மில் பெண்கள். ஞானம் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "எறங்குங்க தம்பி, எனக்கு லேட்டாவுது."

"இல்லண்ணே, நான் சொல்லணும். அக்கா என்கிட்ட ஒன்னும் சொல்லல. எனக்கு நெஜமாவே தெரியாது. நான் ஜன்னல் வழியா ஒட்டுக்கேட்டேன். அது உங்களுக்குச் சொன்ன பதில் இல்லண்ணே, என் முட்டாள்தனம்."

பின்னாலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண், இவன் என்ன சொல்கிறான் என்று கேட்டாள். முன்சீட்டில் இருந்த ஒரு தமிழ் அக்கா, சிரமம் பாராமல், நான் சொன்னதையெல்லாம் மலாயில் சொல்ல ஆரம்பித்தார். நான் ஒரு வரி சொல்ல, அவர் ஒரு வரி சொல்ல, என் மன்னிப்பு கடைசி சீட் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒட்டுக்கேட்ட இடத்தில் பஸ் முழுக்க 'ஈ' என்று முகம் சுளித்தது. ஞானம் அண்ணன் கதவை மூடி பஸ்ஸை எடுத்துவிட்டார். பாயான் லெப்பாஸ் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாற்பது பெண்களின் கண்ணுக்கு முன்னால் நின்றேன்.

எல்லாரும் இறங்கியபிறகு எஞ்சினை நிறுத்தினார்.

"உங்க மேல கோவமில்ல தம்பி. பிலோமினா மேல கோவப்படவே முடியாது. ஆனா என் மக முன்னாடி உக்காந்திருந்தா. அந்தாளத் தொடப்பத்தால வெரட்டறப்ப அவளும் சிரிச்சா. வீட்டுக்கு வந்து, 'அப்பா, நீங்களும் அந்த டிரைவர் மாதிரி யாரு வீட்டுக்கும் போயி நிக்காதீங்கப்பா'ன்னா. வெளையாட்டுக்குத்தான் சொன்னா, ஒன்னும் தெரியாது அவளுக்கு. இனிமே நான் அவகிட்ட எப்படி வாயத் தொறக்கறது?"

பிறகு, "கொஞ்ச நாள் போவட்டும்" என்றார். எந்த பஸ் பிடித்தால் ஜெலுத்தோங் போகலாம் என்று அவரே வழியும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் சொன்னதைச் சொல்லும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே, "பஸ்ஸுல ஏறி நின்னா பேசின?" என்று கேட்டாள்.

"ஆமா."

"மலாயில வேற சொன்னாங்களா?"

"ஆமாக்கா. வரிக்கு வரி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "வா, சாப்பிடு" என்றாள்.

கொஞ்ச நாள், கொஞ்ச நாளாகவே போனது. அடுத்த வருடம் அவர் மகளுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், சுங்கைப் பட்டாணியில் காலேஜ் கிடைத்தது. ஞானம் அண்ணன் வேலையை மாற்றிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். கிறிஸ்மஸுக்கு அக்காவுக்கு ஒரு வாழ்த்து வரும். அக்காவும் பதில் அனுப்புவாள். அவ்வளவுதான். அக்காவுக்கு இப்போது ஐம்பது. அதே ஃபிளாட், அதே கிளினிக்.

நான் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு மாடி கீழே குடியிருக்கிறேன். இப்போதும் எழுதுகிறேன், மெதுவாக. ஒரு வரியும் வராத வாரங்கள் நிறைய. வராவிட்டால் வராமல் இருக்கட்டும் என்று சும்மா உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து 'ஒன்னு சொல்லணும்' என்றால் நோட்டை மூடிவிடுகிறேன். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதேன். ஊருக்கே போட்டுக் காட்டியாச்சு, இனிமே என்ன" என்றாள். பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன்.

குடும்பத்தில் இந்தக் கதை பெரிய சிரிப்பாகிவிட்டது. என்னிடம் எதைச் சொன்னாலும் கடைசியில் 'எழுதிராத' என்று சேர்த்துக்கொள்வார்கள். "உப்புத் தீந்துபோச்சு, எழுதிராதீங்க" என்பாள் என் மனைவி. சித்தப்பா சிரம்பானிலிருந்து ஃபோன் பண்ணி, "பல்லு வலிக்குதுடா, எழுதிராத" என்பார். என் ஐந்து வயது மகள்கூட, பாத்ரூமுக்குப் போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

ஆனால் அக்கா மட்டும் அந்த வார்த்தையை என்னிடம் சொன்னதே இல்லை. அப்படிச் சேர்த்துச் சொல்லவேண்டிய மாதிரி எதையும் அவள் என்னிடம் சொல்வதில்லை.